வீட்டு வரிச் சீட்டை வாசிப்பது எப்படி?



ஏப்ரலும் அக்டோபரும் பிறந்தால் நமது அறக்கட்டளை அலுவலகத்துக்கு வரிச் சீட்டோடு வருகிறவர்கள் கூடிவிடுவார்கள். கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான். "பக்கத்து வீடும் எங்கள் வீடும் ஒரே அளவு. அவர்களுக்கு எண்ணூறு ரூபாய், எங்களுக்கு ஆயிரத்து இருநூறு. ஏன்?" வேண்டியவர், வேண்டாதவர் என்று காரணம் சொல்லிக்கொள்வோரும் உண்டு. பெரும்பாலும் விஷயம் அதுவல்ல. வரி என்பது நகராட்சிப் பதிவேட்டில் நம் வீட்டைப் பற்றி எழுதியிருக்கும் சில விவரங்களின் மேல் போடப்படும் கணக்கு. விவரம் தவறாக இருந்தால் கணக்கு சரியாக இருந்தும் தொகை தவறாகவே வரும். அந்தத் தவறு தானாகத் திருந்தாது. ஒவ்வொரு உயர்விலும் பெருத்துக்கொண்டே போகும்.

அந்த விவரங்கள் என்னென்ன? வீட்டின் பரப்பு எவ்வளவு சதுர அடி, அது எந்தத் தெருவில் இருக்கிறது, எதற்குப் பயன்படுகிறது, எப்போது கட்டியது, என்ன கூரை, யார் பெயரில் இருக்கிறது. இவ்வளவுதான்.

நம் ஊர்களில் நீண்ட காலமாக வரிக்கு அடிப்படை 'ஆண்டு வாடகை மதிப்பு'. நீங்கள் வாடகைக்கு விட்டாலும் விடாவிட்டாலும், அந்த வீட்டை விட்டால் நியாயமாக என்ன வாடகை வரும் என்று ஒரு மதிப்பு போடுவார்கள். 1920-ஆம் ஆண்டு மாவட்ட நகராட்சிகள் சட்டம் இதைத்தான் சொன்னது. கட்டிடத்துக்கு ஆண்டுதோறும் பழுதுபார்ப்புச் செலவு உண்டு என்பதால், கட்டிடப் பங்கில் 10 சதவீதத்தைக் கழித்துக்கொள்ளவும் அதே சட்டம் இடம் தந்தது. தஞ்சாவூர் 1866 முதல் நகராட்சி, 2014-ல் மாநகராட்சியானது. கும்பகோணம் மாநகராட்சியானது 2021-ல். இன்று இரண்டுக்கும், நம் பகுதி நகராட்சி, பேரூராட்சிகளுக்கும் சேர்த்துப் பொருந்துவது தமிழ்நாடு நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டம், 1998. சட்டத்தின் வயது பெரிது என்றாலும், அதன் விதிகள் வந்து முழுமையாக நடைமுறைக்கு வந்தது 2023 ஏப்ரலில்தான்.

கணக்கு புரிய ஓர் உதாரணம் பார்ப்போம். 2022-க்கு முன் சென்னை மாநகராட்சி கையாண்ட வாய்பாட்டை எடுத்துக்கொள்கிறேன், அது தெளிவானது. 800 சதுர அடி வீடு, தெருவுக்கு நிர்ணயித்த மாத மதிப்பு சதுர அடிக்கு ரூ.1.20 என்று வைத்துக்கொள்ளுங்கள். மாத வாடகை மதிப்பு ரூ.960. இதில் 10 சதவீதம் நிலத்துக்கு, 90 சதவீதம் கட்டிடத்துக்கு. கட்டிடப் பங்கில் பத்தில் ஒன்றைப் பழுதுபார்ப்புக்காகக் கழித்தால் மிச்சம் 81. நிலத்தின் 10-ஐயும் சேர்த்தால் 91 சதவீதம். பன்னிரண்டு மாதத்தை 91 சதவீதத்தால் பெருக்கினால் 10.92 வருகிறது. ஆக ஆண்டு மதிப்பு 960 × 10.92, அதாவது ஏறத்தாழ ரூ.10,483. இதற்கு அரையாண்டுக்கு 12.40 சதவீதம் வரி என்றால் ரூ.1,300. (சொந்தக் குடியிருப்புக்கும் கட்டிடத்தின் வயதுக்கும் உரிய கழிவுகளை எளிமைக்காக விட்டுவிட்டேன்.)

அந்த 12.40-க்குள் என்ன இருக்கிறது என்பதுதான் பலரும் பார்க்காத இடம். 9 சதவீதம் பொது வரி, 2.50 சதவீதம் கல்வி வரி, 0.90 சதவீதம் நூலக வரி. நம் உதாரண வீட்டுக்கு முறையே ரூ.943, ரூ.262, ரூ.94, மிச்சம் சில்லறை. நம் ஊர்களில் விகிதங்கள் வேறு. அந்தந்த மன்றம் தீர்மானித்தவை. சென்னையில் குடிநீருக்குத் தனி வாரியம் இருக்கிறது. இங்கே குடிநீர், வடிகால் வரியும் சொத்து வரிக்குள்ளேயே ஒரு பங்காக வந்துவிடும். குழாய் இணைப்புக்கும் பாதாள சாக்கடைக்கும் கட்டுவது வரியல்ல, கட்டணம். அதற்குத் தனி எண், தனி ரசீது. குப்பைக் கட்டணமும் அப்படியே. இவை எல்லாவற்றையும் ஒன்றாகக் கூட்டிக்கொண்டு "வரி மூவாயிரம் ஆகிவிட்டது" என்று பதறுகிறவர்கள் நிறையப் பேர். முதலில் எது வரி, எது கட்டணம் என்று பிரித்துப் பாருங்கள்.

கல்வி வரிக்கு ஒரு நூற்றாண்டு வரலாறு உண்டு. நகராட்சிச் சட்டம் வந்த அதே 1920-ல் சென்னை மாகாணத்தில் தொடக்கக் கல்விச் சட்டமும் வந்தது. ஊர்ப் பிள்ளைகளின் ஆரம்பப் பள்ளிக்கு ஊரே வரி போட்டுக்கொள்ளலாம் என்பது அதன் ஏற்பாடு. இன்றும் உள்ளாட்சிக் கணக்கில் பொது நிதி, குடிநீர் வடிகால் நிதி, தொடக்கக் கல்வி நிதி என்று தனித்தனிப் பைகள் உண்டு. நீங்கள் கட்டும் கல்வி வரி அந்த மூன்றாவது பையில் சேர்கிறது. நம் மஹல்லாப் பிள்ளைகளில் பலர் படிப்பது மாநகராட்சி, நகராட்சிப் பள்ளிகளில்தான். அந்தப் பள்ளியின் கூரை ஒழுகினால், கழிப்பறை பூட்டிக் கிடந்தால், வார்டு உறுப்பினரிடம் போய்க் கெஞ்ச வேண்டியதில்லை. "கல்வி நிதியில் இந்த ஆண்டு எவ்வளவு சேர்ந்தது, எங்கள் பள்ளிக்கு என்ன செலவானது?" என்று எழுதிக் கேட்கலாம். ஜமாஅத் தலைவரும் இரண்டு தாய்மார்களும் கையெழுத்திட்ட ஒரு பக்க மனு போதும்.

நூலக வரி பொது வரியில் ரூபாய்க்கு 10 பைசா. உள்ளாட்சி வசூலித்து மாவட்ட நூலக ஆணைக்குழுவுக்குக் கொடுக்க வேண்டும். 1948-ல் சென்னை மாகாணம் இயற்றிய பொது நூலகச் சட்டம்தான் இதன் தாய். சுதந்திர இந்தியாவில் முதல் நூலகச் சட்டம் அது. அதற்கு அடித்தளமிட்ட எஸ்.ஆர். ரங்கநாதன் பிறந்தது அன்றைய தஞ்சை மாவட்டத்துச் சீர்காழியில், 1892-ல். நம் மண்ணின் பிள்ளை போட்டுவைத்த வழியில் நாம் ஒவ்வொரு அரையாண்டும் பணம் கட்டுகிறோம். கிளை நூலகத்துக்குள் போய்வந்தவர்கள் எத்தனை பேர் என்பது வேறு கேள்வி.

இனி உயர்வுக்கு வருவோம். தவறு பெருக்கும் இடம் இதுதான்.

சென்னை தவிர்த்த ஊர்களில் 2008-ல் பொதுச் சீராய்வு நடந்தது. 2018-ல் உயர்த்தினார்கள், 2019 நவம்பரில் அதை நிறுத்திவைத்து, கூடுதலாகக் கட்டியதை அடுத்தடுத்த அரையாண்டுகளில் ஈடுசெய்வதாக அறிவித்தார்கள். பிறகு 2022 ஏப்ரலில் பெரிய உயர்வு வந்தது. உள்ளாட்சிகளுக்கு மத்திய மானியம் வேண்டுமானால் சொத்து வரிக்குக் குறைந்தபட்ச அளவை அறிவிக்க வேண்டும், மாநில வளர்ச்சிக்கு ஏற்ப அது கூட வேண்டும் என்று 15-ஆவது நிதிக் குழு நிபந்தனை வைத்திருந்தது. அதன் தொடர்ச்சியாக நம் போன்ற ஊர்களில் குடியிருப்பு வீடுகளுக்கு 600 சதுர அடி வரை 25 சதவீதம், 601 முதல் 1,200 வரை 50, 1,201 முதல் 1,800 வரை 75, அதற்கு மேல் 100 சதவீதம் என்று கூட்டினார்கள். வணிகக் கட்டிடங்களுக்கு 100 சதவீதம். தொழிற்கூடங்களுக்கும் சுயநிதிப் பள்ளி, கல்லூரிகளுக்கும் 75.

இதில் கவனிக்க வேண்டியது, வீடுகளைப் புதிதாக அளந்து மதிப்பிட்டு உயர்த்தவில்லை என்பது. பழைய வரியின் மேல்தான் சதவீதம் போட்டார்கள். 590 சதுர அடி வீடு, பழைய வரி அரையாண்டுக்கு ரூ.590 என்று வைப்போம். அதே வீட்டை ஒரு காலத்தில் யாரோ திண்ணையையும் தகரக் கொட்டகையையும் சேர்த்து 640 என்று எழுதிவிட்டார்கள், வரி ரூ.640. அன்று வித்தியாசம் வெறும் 50 ரூபாய், யாரும் பொருட்படுத்தவில்லை. 2022-ல் சரியான அளவாக இருந்தால் 25 சதவீதம் கூடி ரூ.737.50 ஆகியிருக்கும். தவறான அளவால் வீடு அடுத்த படிக்கு ஏறி, 50 சதவீதம் கூடி ரூ.960. வித்தியாசம் 50 ரூபாயிலிருந்து 222 ஆகிவிட்டது.

அதோடும் நிற்கவில்லை. புதிய ஏற்பாட்டின்படி ஆண்டுதோறும் குறைந்தது 6 சதவீதம் கூட்டப்பட வேண்டும். சென்னை மாநகராட்சி 2024 செப்டம்பரில் இதற்கான தீர்மானத்தை நிறைவேற்றியது. மற்ற ஊர்களுக்கும் இதே விதிதான். ஆண்டுக்கு 6 சதவீதம் என்றால் ரூ.1,000 வரி ஐந்து ஆண்டில் ரூ.1,338, பன்னிரண்டு ஆண்டில் இரு மடங்கு. அந்த 222 ரூபாய்த் தவறும் ஐந்து ஆண்டில் 298 ஆகும். வரி கூடுவதை நாம் தடுக்க முடியாது. நம் வீட்டைப் பற்றிய தவறு கூடுவதைத் தடுக்கலாம்.

ஆகவே ஒரு நாள் காலையில் பிள்ளைகளை வைத்துக்கொண்டு வீட்டை அளந்துவிடுங்கள். உள்ளறையை மட்டும் அளந்து அலுவலகத்தில் வாதாடாதீர்கள். சுவர்க் கனத்தையும் சேர்த்து, வெளிப்புறத்திலிருந்து அளக்க வேண்டும். ஒவ்வொரு தளத்தையும் தனியே குறித்துக்கொள்ளுங்கள். பிறகு வரிவிதிப்பு எண்ணைக் கொடுத்து, பதிவேட்டில் உள்ள பரப்பு, பயன்பாடு, மண்டலம் ஆகியவற்றைக் கேளுங்கள். வித்தியாசம் இருந்தால் ஆணையருக்கோ செயல் அலுவலருக்கோ அளவு வரைபடத்துடன் மனு கொடுத்து, மறு அளவீடு கேட்டு, பெற்றுக்கொண்டதற்கான முத்திரையை நகலில் வாங்கிவையுங்கள். வரி விதிப்பு அறிவிப்பு கைக்கு வந்திருந்தால், ஆட்சேபத்துக்கான கால அவகாசத்தைத் தவறவிடாதீர்கள். மனு நிலுவையில் இருக்கிறது என்பதற்காக வரியைக் கட்டாமல் இருக்கவும் வேண்டாம்.

அளந்து பார்த்தால் சிலருக்கு நேர்மாறாகவும் வரும். மாடி கட்டிப் பத்து வருடம் ஆகியிருக்கும், பதிவேட்டில் தரைத்தளம் மட்டும் இருக்கும். அதையும் சொல்லிவிடுவதே மார்க்கத்துக்கும் உகந்தது, காசுக்கும் நல்லது. அலுவலகம் தானாகக் கண்டுபிடித்தால் பின்தேதியிட்டு மொத்தமாகக் கேட்கும்.

அடுத்து பயன்பாடு. வீட்டின் முன்னறையில் பெட்டிக்கடையோ தையல் கடையோ வைத்திருந்தால் அந்த அறையின் பரப்புக்குத்தான் வணிக வரி. வீடு முழுவதற்கும் அல்ல. கடையை மூடிவிட்டு அறையைப் புழங்கத் தொடங்கியும் வணிக வரியே கட்டிவருகிற குடும்பங்கள் நம்மிடம் உண்டு. அதை மாற்ற மின் இணைப்பை முதலில் வீட்டு இணைப்பாக மாற்றிக்கொண்டு, அந்த அட்டையின் நகலோடு மனு கொடுப்பது எளிது.

பள்ளிவாசல் நிர்வாகிகளுக்கு ஒரு வார்த்தை. பொதுத் தொழுகைக்கென்று ஒதுக்கி அதற்கே பயன்படும் கட்டிடத்துக்கும் கபர்ஸ்தானுக்கும் சொத்து வரி இல்லை. பள்ளிவாசலைச் சுற்றியுள்ள கடைகளுக்கு உண்டு, அவை வக்ஃபு சொத்தாக இருந்தாலும். மதரஸாவை வாடகைக் கட்டிடத்தில் நடத்தினால் கல்விக்கான விலக்கும் கிடைக்காது; வாடகை பெறுகிற உரிமையாளருக்கு வரி உண்டு. பல இடங்களில் முப்பது வருடத்துக்கு முன் பேசிய கடை வாடகை அப்படியே நிற்க, வரி மட்டும் வளர்ந்திருக்கிறது. கடைக்காரர் கொடுப்பது வரிக்கே போதாத நிலை வரும் முன் ஒப்பந்தத்தைப் புதுப்பியுங்கள்.

கட்டும் தேதி பற்றி. ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை முதல் அரையாண்டு, அக்டோபர் முதல் மார்ச் வரை இரண்டாவது. ஏப்ரல் 30-க்குள்ளும் அக்டோபர் 31-க்குள்ளும் கட்டினால் அந்தந்த அரையாண்டு வரியில் 5 சதவீதம் ஊக்கத்தொகை, அதிகபட்சம் ரூ.5,000. தாமதித்தால் மாதம் 1 சதவீதம் தனி வட்டி. வங்கி வட்டியைத் தொடக்கூடாது என்று பேணுதலாக இருக்கிற குடும்பம், வரி நிலுவைக்கு வருடம் 12 சதவீதம் வட்டி கட்டிக்கொண்டிருப்பதைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கும்.

"அரசாங்கத்துக்கு இவ்வளவு வரி கட்டுகிறோமே, ஸகாத்தில் கழித்துக்கொள்ளலாமா?" என்றும் கேட்கிறார்கள். வரி கட்டினால் ஸகாத் நிறைவேறாது. ஸகாத்தைப் பெறுகிற எட்டு வகையினரை அல்லாஹ்வே வகுத்திருக்கிறான். இரண்டின் தன்மையும் வேறு. நாம் குடியிருக்கும் வீட்டுக்கு ஸகாத் இல்லை. நகராட்சி வரியோ அந்த வீட்டின் மேல்தான் விழுகிறது. வாடகை வீட்டிலும் கட்டிடத்தின் விலைக்கு ஸகாத் இல்லை, வந்த வாடகையில் செலவு போக மிஞ்சி நிஸாபுடன் ஓராண்டு தங்கியதற்குத்தான். கட்ட வேண்டிய வரி நிலுவை உங்கள் மேலுள்ள கடன் என்பதால், மிச்சத்தைக் கணக்கிடும்போது அதை எப்படிக் கழிப்பது என்று ஹஜ்ரத்திடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

கடைசியாக, பெயர். எங்களிடம் வருகிற சீட்டுகளில் பாதிக்கு மேல் மவுத்தானவர்களின் பெயரில் இருக்கின்றன. சிலவற்றில் தாத்தாவின் பெயர். பழைய நகராட்சிச் சட்டத்திலேயே, வீட்டை வாங்கினால் மூன்று மாதத்துக்குள்ளும், உரிமையாளர் இறந்தால் ஓராண்டுக்குள்ளும் தெரிவிக்க வேண்டும் என்று இருந்தது. நாம் தெரிவிப்பதில்லை. வருடங்கள் போகும். வீட்டில் குடியிருக்கும் மூத்த மகன் வரி கட்டிவருவார். ஒரு நாள் தன் பெயருக்கு மட்டும் மாற்றிக்கொள்வார். அதற்குப் பிறகு "வரி ரசீது என் பேரில் இருக்கிறது, வீடு என்னுடையது" என்ற பேச்சு வரும். சகோதரிகள், "இத்தனை வருஷம் அண்ணன்தானே கட்டினார்" என்று வாயை மூடிக்கொள்வார்கள்.

இது சட்டப்படியும் தவறு, மார்க்கப்படியும் தவறு. வரிப் பதிவேட்டில் பெயர் மாறுவது யாரிடம் வரி வசூலிப்பது என்பதற்காக மட்டுமே; அதனால் சொத்துரிமை பிறப்பதும் இல்லை, அழிவதும் இல்லை என்று உச்ச நீதிமன்றம் பல தீர்ப்புகளில் சொல்லியிருக்கிறது. 1937-ஆம் ஆண்டு ஷரீஅத் சட்டப்படி நம் வாரிசுரிமை மீராஸ் முறைப்படிதான். அந்தச் சட்டம் விவசாய நிலத்தை விட்டுவைத்திருந்தது; 1949-ல் சென்னை மாகாணம் திருத்தம் செய்து அதையும் சேர்த்தது. ஆக, டெல்டாவில் வீட்டுக்குப் போலவே வயலுக்கும் பெண் மக்களின் பங்கு சட்டப்படி உண்டு.

வரியை வைத்தே பங்கைக் காட்டுகிறேன். ஒருவர் மனைவி, இரண்டு மகன்கள், இரண்டு மகள்களை விட்டு இறக்கிறார். பெற்றோர் முன்பே காலமாகிவிட்டனர். கடனும் வஸிய்யத்தும் போக, வீட்டை 48 பங்காக்கினால் மனைவிக்கு எட்டில் ஒன்றாகிய 6, மகன் ஒவ்வொருவருக்கும் 14, மகள் ஒவ்வொருவருக்கும் 7. அந்த வீட்டின் அரையாண்டு வரி ரூ.2,400 என்றால் உம்மா பங்குக்கு ரூ.300, மகன்களுக்கு ஆளுக்கு ரூ.700, மகள்களுக்கு ஆளுக்கு ரூ.350. அண்ணன் இருபது வருடம் தனியாகக் கட்டியிருந்தால், உரிய பங்கைச் சகோதரிகளிடம் கேட்கலாம். அதே கணக்கில் அவர்களும், அவர் தனியாகக் குடியிருந்ததற்கான வாடகைப் பங்கைக் கேட்கலாம். கேட்டால் பெரும்பாலும் இரண்டும் கழிந்துவிடும். 7/48 பங்கு மட்டும் அப்படியே இருக்கும்.

ஆகவே பெயர் மாற்றும்போது எல்லா வாரிசுகளின் பெயரையும் கூட்டாகச் சேருங்கள். தேவையானவை இறப்புச் சான்று, வட்டாட்சியர் தரும் வாரிசுச் சான்று, மூலப் பத்திரத்தின் நகல், நிலுவையின்றிக் கட்டிய கடைசி ரசீது. வாரிசுச் சான்றில் யார் யார் வாரிசு என்று மட்டும் இருக்கும், யாருக்கு எவ்வளவு என்று இருக்காது. பங்கைத் தனித்தாளில் எழுதி எல்லோரும் கையெழுத்திட்டு வைத்துக்கொள்ளுங்கள். அத்தா உயிரோடு இருக்கும்போதே வாய்மொழியாக ஹிபா கொடுத்தார் என்றால், கொடுத்தவர் சொன்னது, பெற்றவர் ஏற்றது, சொத்து கைமாறியது ஆகிய மூன்றுக்கும் சாட்சி இருந்தால் அது செல்லும். ஆனால் அலுவலகத்தில் பெயர் மாற்ற எழுத்து வேண்டும். பத்திரப் பதிவு செய்துவிட்டால் பின்னால் தகராறு இல்லை. சவூதியிலோ சிங்கப்பூரிலோ இருக்கும் வாரிசு வர முடியாவிட்டால் அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் சான்றொப்பம் பெற்ற அதிகாரப் பத்திரம் அனுப்பலாம். மனு எழுதவும் பங்கு கணக்கிடவும் உதவி வேண்டுவோர் ஜும்ஆவுக்குப் பிறகு அலுவலகத்துக்கு வரலாம். வரும்போது வரிச் சீட்டோடு, வீட்டை அளந்து எழுதிய தாளையும் கொண்டுவாருங்கள்.